வடலூர் அடுப்பும் ஊக்கம் என்னும் உடைமையும்

திருக்குறளின் 133 அதிகாரங்களில் பத்தின் தலைப்பு ‘உடைமை’ என்ற சொல்லில் முடிகிறது. அன்பு, அடக்கம், ஒழுக்கம், பொறை, அருள், அறிவு, ஊக்கம், ஆள்வினை, பண்பு, நாண் ஆகிய பத்தையும் நிலபுலன்போல, ஆடுமாடுபோல ஒருவர் தமக்கென்று வைத்திருக்கக்கூடிய சொத்தாகவே எண்ணி வள்ளுவர் பெயரிட்டிருக்கிறார். இந்தப் பட்டியலில் ஊக்கம் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. இன்று ஊக்கம் என்றால் வெளியிலிருந்து யாரோ ஊட்டுவது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மேடையில் ஒருவர் முழங்குகிறார், காணொளியில் ஒருவர் தட்டியெழுப்புகிறார். கேட்டவருக்கு இரண்டு நாள் சூடு இருக்கிறது, மூன்றாம் நாள் பழைய சோர்வு திரும்பிவிடுகிறது. உடைமை அப்படி வந்துபோகும் பொருளன்று. அதை ஈட்ட வேண்டும், காக்க வேண்டும், புழங்கிப் பெருக்க வேண்டும். ஊக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் உள்ளத்தின் ஊக்கத்தை நிலைத்த உடைமை என்றும், பொருளை நில்லாமல் நீங்குவது என்றும் பிரித்துக் காட்டுகிறார். அப்படியானால் இந்த உள்சொத்தை ஈட்டும் தொழில் எது? ஆன்மிகப் பயிற்சி என்று பலரும் சொல்வார்கள். விடை சரிதான். அந்தப் பயிற்சியில் எது முதலில் வர வேண்டும் என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். பிறர் பசியை நாள்தோறும் தன் கையால் தீர்க்கும் வேலையில் தொடங்கும் பயிற்சியே ஊக்கத்தை உடைமையாக்குகிறது என்பது என் வாதம். அதற்குத் தமிழ்நாட்டில் கண்முன் இருக்கும் பெரிய சான்று வடலூர்.

இன்று பெருவழக்காக உள்ள ஆன்மிகத்துக்கு இரண்டு முகங்கள். ஒன்று, இரைச்சலிலிருந்து ஒதுங்கிக் கண்மூடி அமர்ந்து அமைதி தேடுவது. மற்றொன்று, வழிபாட்டையும் தியானத்தையும் வருமானம், பதவி, வெற்றி ஆகியவற்றைப் பெருக்கும் கருவியாக்குவது. முதலாவதைக் குறை சொல்ல எதுவுமில்லை. அதற்கு உரிய இடத்தைப் பிறகு பார்ப்போம். இரண்டாவதில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. 1971-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார். புதிரை அவிழ்த்ததற்காகப் பணம் பெற்றவர்களுக்கு, பணம் நின்ற பிறகு அதில் இருந்த நாட்டம் குறைந்தது. பணமே பெறாதவர்கள் ஓய்வு நேரத்திலும் ஆசையோடு விளையாடினார்கள். இன்பத்துக்காகச் செய்த வேலை, கூலி நுழைந்ததும் கூலிக்காகச் செய்யும் வேலையாக மாறிவிடுகிறது. இறைவனிடமும் இதே பேரத்தைப் பேசினால், வேண்டியது கிடைக்காத மாதத்தில் வழிபாடும் சலித்துப்போகும். உள்வளத்தைத் தேடிப் போனவர் இருந்த ஊக்கத்தையும் இழந்து திரும்புவார்.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறை வேறொரு வழியைக் காட்டுகிறது. இல்லறவியலில் வரும் ஈகை அதிகாரத்தில், இல்லாதவரின் கொடும்பசியைத் தீர்ப்பதே பொருள் பெற்றவன் அதைச் சேமித்துவைக்கும் இடம் என்கிறார். கருவூலத்தை ஏழையின் வயிற்றில் கொண்டுபோய் வைத்த உவமை அது. அதே அதிகாரத்தில், பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவசியின் ஆற்றலைப் பிறர் பசியை மாற்றுகிறவரின் ஆற்றலுக்குப் பின்னேதான் வைக்கிறார். துறவறவியல் தொடங்கும்போது இது இன்னும் தெளிவாகிறது. துறவுக்கான இயலின் முதல் அதிகாரம் அருளுடைமை. அடுத்தது புலால் மறுத்தல். அதற்கும் அடுத்துத்தான் தவம். உலகை விட்டவருக்கும் முதல் முதலீடு அருள்தான். செல்வங்களுள் சிறந்த செல்வம் அருட்செல்வமே, பொருட்செல்வம் கீழோரிடமும் உண்டு என்று அந்த அதிகாரம் தொடங்குவது தற்செயலாக இருக்க முடியாது. அகவளம் என்று இன்று நாம் தேடுவதற்கு வள்ளுவர் வைத்த பெயர் அருட்செல்வம். அது பிறர் துன்பத்தின் வழியாகவே வீட்டுக்குள் வருகிறது.

இந்த வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடைமுறையாக்கிக் காட்டியவர் ராமலிங்க அடிகள். 1823-இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணறு பகுதியில் வளர்ந்து, கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் உருகிப் பாடிய அவருக்குப் பாட்டும் பக்தியும் தியானமும் குறைவில்லாமல் வாய்த்திருந்தன. அவற்றோடு அவர் நின்றிருக்கலாம். 1865-இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கிய அவர், 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் பசித்தவருக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் அதற்கு நிலம் கொடுத்தார்கள். ஒளியை வழிபடும் சத்திய ஞானசபை எழுந்தது அதற்குப் பின்னர். 1872-ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில்தான் அங்கே வழிபாடு தொடங்கியது. முதலில் அடுப்பு, பிறகு விளக்கு. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். அருளுடைமைக்குப் பின் தவத்தை வைத்த வள்ளுவரின் வரிசை வடலூர் மண்ணில் கட்டடமாக நிற்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஏன் அடுப்பு முதலில்? ராமலிங்கர் எழுதிய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் விடை இருக்கிறது. தமிழில் பசியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட உரைநடை வேறு உண்டா என்பது எனக்கு ஐயம். பசி முற்றும்போது உயிருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு மருத்துவர் நோயாளியின் அருகில் உட்கார்ந்து குறித்துக்கொள்வதுபோல அவர் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். உயிரின் விளக்கம் மங்குகிறது, அதனால் அதற்குள் இருக்கும் கடவுள் விளக்கமும் மறைகிறது. மனம் சிதறுகிறது, புத்தி கெடுகிறது, சித்தம் கலங்குகிறது. பிறகு கண் குழிவது, காது அடைப்பது, நாக்கு வறள்வது, கைகால் துவள்வது, பேச்சுக் குழறுவது என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்பாக இறங்குகிறார். உணவு உள்ளே சென்றதும் இவை எல்லாம் ஒவ்வொன்றாகச் சீராகி, மறைந்திருந்த விளக்கம் அகத்திலும் முகத்திலும் திரும்பத் தோன்றுவதையும் அதே பொறுமையோடு எழுதுகிறார். பட்டியலின் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் அணைவது வயிறு என்று அவர் எழுதவில்லை. உயிரொளி என்று எழுதினார். பசி அவருக்கு வயிற்றின் சங்கதி மட்டுமாக இருக்கவில்லை. மனிதனுக்குள் இருக்கும் தெய்வத்தை அவனிடமிருந்தே மறைக்கும் திரையாக இருந்தது. அந்தத் திரையை ஒரு பிடி சோறு நீக்கும் என்றால், சோறிடுவதைவிட நேரடியான ஆன்மிகச் செயல் வேறு எதுவாக இருக்க முடியும்?

இதில் ஊக்கத்தைப் பற்றிய ஒரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. நம்முடைய பெரும்பாலான முயற்சிகளின் பயன் நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. சில வேளை வராமலே போகிறது. காத்திருப்பில்தான் சலிப்பு முளைக்கிறது. பசித்தவர் உண்டு எழும்போது முகம் தெளிவது அப்போதே கண்ணுக்குத் தெரியும். வேலை தொடங்கி, நடந்து, நிறைவடைந்து, அதன் பயனும் ஒரே வேளைக்குள் விளங்கிவிடுகிறது. மறுநாள் மறுபடியும் பசி வரும். வேலையும் மறுபடி புதிதாக இருக்கும். உண்டவரின் முகத்தில் தோன்றும் அந்த இன்பம் ஊட்டியவரின் முகத்திலும் தோன்றுகிறது என்று ராமலிங்கர் எழுதும்போது, தம் காலத்துச் சொல்லில் அவர் சொல்வது இதைத்தான்: நிறைவு கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் பிறக்கிறது, பிறகே இருவருக்குள்ளும் தங்குகிறது.

இக்கால ஆய்வுகள் இதற்கு ஓரளவு துணைநிற்கின்றன. 2008-இல் உளவியலாளர் எலிசபெத் டன்னும் அவருடைய குழுவினரும் கனடாவில் 46 பேரிடம் காலையில் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, ஒரு சாராரைத் தமக்காகவும் மறு சாராரைப் பிறருக்காகவும் அன்று மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். மாலையில் கேட்டபோது பிறருக்காகச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சிறிய சோதனைதான், ஒரு நாளின் மனநிலைதான். அதைக் கொண்டு வாழ்க்கை முழுவதையும் அளந்துவிட முடியாது. இதைவிட வலுவான சான்று மனச்சோர்வுக்கான சிகிச்சையிலிருந்து வருகிறது. சோர்ந்தவரின் எண்ணங்களை முதலில் திருத்தாமல், பயனுள்ள செயல்களை நாள் அட்டவணையில் எழுதி, மனம் இசைந்தாலும் இசையாவிட்டாலும் சிறிது சிறிதாகச் செய்யவைக்கும் முறை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. எண்ணங்களை ஆராயும் புகழ்பெற்ற சிகிச்சைக்கு இந்த எளிய முறை சளைத்ததாக இல்லை என்று அது காட்டியது. மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு மனம் வருவதில்லை. செய்யத் தொடங்கியவரிடம் அது வந்து சேர்கிறது. ராமலிங்கர் ‘நித்திய கரும விதி’ என்று, விடியுமுன் எழுவது முதல் உண்பது, உறங்குவது வரை உடம்பின் நாளை ஒழுங்குசெய்து எழுதியிருப்பதை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். மனநிலையைக் கேட்டுக்கொண்டிராமல் உடம்பை நேரத்தோடு பிணைத்துவிடுகிறார். வடலூரின் அணையாத அடுப்பும் ஒரு கால அட்டவணைதான். சமைப்பவருக்கு இன்று உற்சாகம் இருக்கிறதா என்று அடுப்பு கேட்பதில்லை. பந்தி உட்காரும் நேரம் வந்துவிடுகிறது.

உள்வளத்தின் மறுபக்கத்தைத் தமிழில் மிக ஆழமாகச் சொன்ன கதை மணிமேகலையில் ஆபுத்திரன் கதை. மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபி அவன் கையில் இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத சோறு. வளம் என்ற சொல்லுக்கு இதைவிட முழுமையான உருவம் கிடையாது. இந்திரன் இறங்கிவந்து வரம் தருவதாகச் சொன்னபோது அவன் சிரித்து மறுத்துவிடுகிறான்; பசித்தவர் முகம் மலர்வதைக் கண்டவனுக்கு வானுலகம் எதற்கு? சினம் கொண்ட இந்திரன் அவனைத் தண்டித்த விதம்தான் வியப்பு. பாத்திரத்தை அவன் பறிக்கவில்லை, பாண்டிய நாட்டில் மழை பெய்வித்தான். வயல் விளைந்தது, பசி ஒழிந்தது, ஆபுத்திரனிடம் சோறு கேட்டு வர ஒருவரும் இல்லாமல் போனார்கள். பஞ்சம் வாட்டும் சாவக நாட்டுக்குப் போகலாம் என்று மரக்கலம் ஏறியவன், ஆளில்லாத மணிபல்லவத்தில் தனியாக விடப்பட்டான். கையில் வற்றாத பாத்திரம், உண்ண ஒருவருமில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாமல் இருந்து உயிர்விட்டான். தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு பல்லாண்டு வாழ்ந்திருக்கலாம். அந்த வாழ்வை அவன் வாழ்வாகவே கருதவில்லை. எல்லையில்லாத வளமும் பெறுவார் இல்லாதபோது சுமையாகிவிடுகிறது என்பதைச் சாத்தனார் இதற்குமேல் விளக்கத் தேவையில்லாதபடி சொல்லிவிட்டார்.

ஆனால் இதே கதை என் வாதத்துக்கு எதிரான கடுமையான கேள்வியையும் எழுப்புகிறது. ஆபுத்திரனுடைய நிறைவுக்குப் பிறர் பசி தேவைப்பட்டது என்றால், ஊர் செழித்தபோது அவன் மகிழ்ந்திருக்க வேண்டாமா? ஏழையின் வயிறு நம் அகவளத்துக்கான கருவிதானா? இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தன் புண்ணியத்துக்காக அன்னமிடுபவர் பசி ஒழியாமலிருக்க உள்ளூர விரும்பக்கூடும். சோறு மட்டும் பசியின் காரணத்தைத் தீர்ப்பதில்லை என்பதும் உண்மை. தருமச்சாலை தொடங்கிப் பத்தாண்டுகூட ஆகாத நிலையில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. நிவாரண வேலை செய்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்த காலம் அது. அத்தகைய அரசியலை எந்தத் தனி அடுப்பும் எதிர்கொள்ள முடியாது. பள்ளிப் பிள்ளைகளின் பசிக்குத் தமிழ்நாடு கண்ட நிலையான விடை அரசின் வழியாகவே வந்தது: 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய உணவு, காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர் விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை ஆன்மிகப் பயிற்சியின் பெயரால் தர்மமாக்குவது தவறு. ஆனாலும் உரிமையைக் கேட்டுப் போராடும் மனம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. பிறர் பசியை அருகில் இருந்து பார்த்துப் பழகாத மனத்துக்குச் சட்டத்தின் தேவையே உறைப்பதில்லை.

ராமலிங்கரே தம் காலத்தில் எழுந்த வேறொரு மறுப்புக்கு விடை சொல்லியிருக்கிறார். முற்பிறவி வினையால் ஒருவன் பசித்திருக்கிறான், அவனுக்குச் சோறிடுவது கடவுளின் தீர்ப்பில் குறுக்கிடுவது ஆகாதா என்பது அந்த மறுப்பு. கொடுங்குற்றம் செய்து சிறையில் கிடப்பவர்களுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு உணவு கொடுக்கவைக்கிறானே என்று அவர் திருப்பிக் கேட்டார். தண்டனை வேறு, பட்டினி வேறு. சிலருக்குப் பிறர் துன்பம் கண்டும் ஏன் இரக்கம் பிறப்பதில்லை என்ற கேள்விக்கு அவர், அறிவுக்கண்ணில் படலம் படர்ந்து மங்கியிருக்கிறது என்று நோயின் மொழியில் விடை சொன்னார். இரக்கமின்மையை அவர் பாவமென்று சபிக்காமல் பார்வைக்குறை என்று கண்டது முக்கியம். பார்வைக்குறைக்குச் சிகிச்சை உண்டு.

இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது, எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது இதுதான். தொண்டு ஊக்கம் தருகிறது என்றால், தொண்டர்கள் ஏன் எரிந்துபோகிறார்கள்? வேலையில் வெந்து கருகிப்போகும் நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் நிலைபெறக் காரணமான கட்டுரையை 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் எழுதினார். அவர் கண்டது பணத்துக்காக உழைத்தவர்களை அன்று. இலவச மருத்துவமனைகளில் ஆர்வத்தோடு தொண்டு செய்தவர்களை. மிகுந்த அர்ப்பணிப்பு உள்ளவர்களே முதலில் கருகினார்கள். ராமலிங்கரும் சலிப்பின் வெப்பத்துக்கு விலக்காக இருந்தவர் அல்லர். தாம் விரித்த கடைக்குச் சரக்கு வாங்க ஆள் வரவில்லை என்று அவர் நொந்து சொன்னதாக வழங்கும் சொல் தமிழ்நாட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது. அருட்பாவா மருட்பாவா என்று அவருடைய பாடல்களைப் பற்றி எழுந்த வழக்கும் வசையும் அவர் கண்முன்னே நடந்தவை. 1874 ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத்தின் அறைக்குள் நுழைந்து கதவை அடைத்துக்கொண்டவரை அதன்பின் யாரும் காணவில்லை. எனவே தொண்டு செய்பவருக்குச் சோர்வே வராது என்று சொல்வது பொய்யாகிவிடும்.

ஆனால் வடலூரில் நடந்ததை முழுவதும் பார்க்க வேண்டும். உலகமே சன்மார்க்கத்துக்கு வர வேண்டும் என்ற பெருங்கனவில் அவருக்கு ஏமாற்றம் இருந்தது. சோறிடும் வேலையில் ஏமாற்றத்துக்கு இடமே இருக்கவில்லை. முன்னதன் வெற்றி பிறர் மனம் மாறுவதைப் பொறுத்தது, பின்னது ஒரு வேளைக்குள் நிறைவது. கருகிப்போகும் தொண்டர்களிடம் பெரும்பாலும் காண்பது, வேலைக்கு எல்லை இல்லாமையும் தாம் ஒருவரே தாங்க வேண்டும் என்ற சுமையும். ஜீவகாருண்ய ஒழுக்கம் இந்த இரண்டுக்கும் இடம் தரவில்லை. அவரவர் தரத்துக்குத் தக்கபடி செய்க என்பதே அதன் விதி. கலியாணம் போன்ற நாட்களில் செய்யும் செலவில் ஒரு பகுதியை ஏழைகளின் பசிக்கு ஒதுக்கச் சொல்கிறது அந்த நூல். வீட்டை விற்றுக் கொடுக்கச் சொல்லவில்லை. அடுப்பையும் அவர் தம் பெயரில் வைத்துக்கொள்ளாமல் ஊரின் கையில் விட்டார். நிலம் ஊருடையது, அரிசி வருபவர் கொண்டுவருவது, சமைப்பவரும் பரிமாறுபவரும் மாறிக்கொண்டே இருப்பவர்கள். நிறுவியவர் மறைந்த பிறகும் ஒரு வேலை நிற்காமல் நடந்தால், அதன் ஊக்கம் ஒரு மனிதரின் நெஞ்சில் மட்டும் இருக்கவில்லை என்று பொருள். ஊக்கம் உடைமை என்றால் அது பொதுவுடைமையாகவும் இருக்க முடியும். தனியொருவரின் மனத்தெம்பையே நம்பும் இன்றைய ஊக்கப் பேச்சுகள் காணத் தவறுவது இதைத்தான்.

தியானத்துக்கு இங்கே இடம் இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். பரோபகாரம், சத்விசாரம் என்ற இரண்டையும் சேர்த்தே ராமலிங்கர் போதித்தார். பிறர்க்கு உதவுவதும் உண்மையை உள்ளே ஆராய்வதும் அவருக்கு ஒரே நடையின் இரண்டு கால்கள். ஞானசபையின் ஏழு திரைகளும் அகத்தின் மறைப்புகளைக் குறிக்கின்றன. அடுப்பு மட்டும் போதும் என்றிருந்தால் அந்தச் சபையை அவர் கட்டியிருக்க மாட்டார். அகநோக்கு இல்லாத தொண்டு பெருமையாக முற்றக்கூடும், அல்லது வெறும் பழக்கமாக உலர்ந்துபோகும். ஆனால் தொண்டின் மண் இல்லாமல் நட்ட தியானம், அமர்ந்த இடத்தில் கிடைத்த அமைதியை எழுந்த மறுகணம் இழந்துவிடுகிறது. இறைநம்பிக்கை இல்லாதவருக்கு இவ்வழி மூடியிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. சாதியையும் சமயச் சடங்கையும் கடைசிக் காலத்தில் முற்றாக விலக்கியவர் அவர். தருமச்சாலையில் உண்ணத் தகுதி பசி ஒன்றுதான். பரிமாறத் தகுதியும் இரக்கம் ஒன்றுதான்.

உள்ளம் வறண்டுபோனதாக உணர்பவர்கள் மலை உச்சியையோ, விலை உயர்ந்த பயிற்சி முகாமையோ தேடிப் போகுமுன் இந்த வரிசையை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், தரத்துக்குத் தக்க அளவு, முடிந்தால் நாலு பேரோடு சேர்ந்து, பசித்த ஒருவருக்குக் கையால் பரிமாறுங்கள். மனம் வராத நாளிலும் போய்ப் பரிமாறுங்கள். வழி தெரிய வேண்டுமென்றால் வடலூருக்குப் போகலாம். 1867 வைகாசியில் மூட்டிய அடுப்பில் இன்றும் உலை கொதிக்கிறது. பந்தியில் உட்காருபவரிடம் அங்கே யாரும் பெயரோ ஊரோ கேட்பதில்லை.